பேச்சியம்மாளுக்குக் கிடைத்த நிராகரிப்பு

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் நவி மும்பை சான்பாடாவில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். "சிறுதொழில் செய்யறவங்களுக்கு அரசாங்கச் சலுகையை எப்படி வாங்குறதுன்னு நம்ம ஆளுகளுக்குப் புரியற மாதிரி ரெண்டு பக்கம் எழுதுங்க. இருபத்தெட்டு வருஷம் அந்த ஆபீஸ்லதானே இருந்தீங்க?"

எப்படி வாங்குவது என்று எனக்குத் தெரியாது, எப்படிக் கொடுத்தார்கள் என்றுதான் தெரியும் என்றேன். "அதையே எழுதுங்க," என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நேரில் பேசுவதற்கு எனக்குக் கூச்சம் அதிகம். எழுதுவதற்கு அவ்வளவு இல்லை. யாரும் எதிரில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை அல்லவா.

தாராவியில் முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் படித்து, பத்தாவது தேறினேன். வேலைவாய்ப்பு அலுவலகம் மூலம் செம்பூரில் இருந்த சிறுதொழில் அலுவலகத்தில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்தேன். மராட்டியில் எங்கள் வேலைக்கு சிப்பாய் என்று பெயர். துப்பாக்கி கிடையாது, ஸ்டேப்ளர் உண்டு. முதல் ஆறேழு வருடம் தண்ணீர் பிடித்து வைத்தேன், ஃபைல் கட்டினேன், ஃபைல் தலைப்புகளைப் படித்துப் படித்தே மராட்டி கற்றுக்கொண்டேன். அதற்குமேல் அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகுதான் எனக்கு தாராவியின் சந்துகளும் தமிழும் தெரியும் என்று ஓர் அதிகாரி கண்டுபிடித்தார். அன்றுமுதல் பட்டறைகளை ஆய்வு செய்யப் போகும்போதெல்லாம் வழிகாட்டி நான், மொழிபெயர்ப்பாளர் நான், போட்டோ எடுப்பவனும் நான். இப்போது எல்லாம் போர்ட்டலில் நடக்கிறது. ஃபைல் நடப்பதில்லை, அதனால் அதோடு நடக்க ஆளும் வேண்டியதில்லை. ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன்.

திட்டம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். சிறுதொழில் தொடங்குகிறவர் மெஷின் வாங்க வங்கியில் கடன் எடுத்தால், அதில் ஒரு பங்கை அரசாங்கம் மானியமாகத் தரும். அதோடு ஐந்து வருடத்துக்குச் சொத்து வரியில் பாதி தள்ளுபடி. கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் தாராவியில் பெரும்பாலான பட்டறைகளுக்குச் சொத்து வரியே விதிக்கப்பட்டதில்லை என்பதுதான் சின்னச் சிக்கல்.

சோப்புக் காய்ச்சும் பட்டறைக்காரர் ஒருவர் எங்கள் அலுவலகத்தில் வந்து கேட்டார்: "நான் வரியே கட்டல. கட்டாத வரியில பாதியை எப்படிக் கழிப்பீங்க?"

"முதலில் வரி போடச் சொல்லி மனு கொடுங்கள். வரி விதித்ததும் சலுகைக்கு மனு கொடுங்கள்," என்று அலுவலகம் சொன்னது.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மறுநாளே பக்கத்துப் பட்டறைக்காரர் நாலு பேரோடு வந்து, "எங்களுக்கும் வரி போடுங்க" என்று வரிசையில் நின்றார். ஊரெல்லாம் வரிக்காரரைக் கண்டால் கதவைச் சாத்துவார்கள். எங்கள் ஆட்கள் அவரைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். பெயரும் முகவரியும் முத்திரையும் சேர்ந்த ஒரு காகிதம், அது எதற்கான காகிதமாக இருந்தாலும் சரி, அதைக் கையில் வாங்கத்தான். சலுகை என்று அரசாங்கம் எதை நினைத்ததோ, தாராவி வேறொன்றை நினைத்தது.

இந்தத் திட்டத்தை எங்கள் அலுவலகத்தில் கடைசிப் பத்து வருடம் பார்த்துக்கொண்டவர் பாட்கர் சாகேப். ஒல்லியான மனிதர். எந்தப் பட்டறைக்குப் போனாலும் வாசலிலேயே ஷூவைக் கழற்றி, சாக்ஸை உருட்டிப் பைக்குள் வைத்துக்கொள்வார். தோல் பதனிடும் இடமானாலும் அப்படித்தான். பட்டறையில் டீ குடிக்க மாட்டார். தண்ணீர்கூடத் தன் பாட்டிலில் இருந்துதான். கை சுத்தம். ஒரு ரூபாய் வாங்கினார் என்று அவருடைய எதிரிகூடச் சொல்ல முடியாது.

அவருக்கு ஒரே ஒரு பழக்கம். யாருக்கும் இல்லை என்று சொல்ல மாட்டார். மனுவை முழுவதும் படிப்பார். ஓரத்தில் பச்சைப் பேனாவால் "பேசவும்" என்று எழுதுவார். மனுதாரர் வந்து பேசினால் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பார்ப்போம்" என்பார். இல்லை என்று எழுதினால் மேல்முறையீடு வரும், மேல்முறையீடு வந்தால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும். ஆம் என்று எழுதினால் தணிக்கைக்காரர் வருவார். பார்ப்போம் என்றால் யாரும் வருவதில்லை, மனுதாரரைத் தவிர. அவருடைய நாற்காலிக்குப் பின்னால் இருந்த அலமாரியில் அப்படிப் பார்க்கப்பட வேண்டிய ஃபைல்கள் பழுத்துக்கொண்டிருந்தன. சில மனுதாரர்கள் அதற்குள் தொழிலையே மாற்றிவிட்டார்கள். ஒருவர் ஊருக்கே திரும்பிப் போய்விட்டார். அவருக்கும் பாட்கர் சாகேப் மரியாதையாக நினைவூட்டல் கடிதம் அனுப்பினார்.

ஆய்வுக்குப் போவதில் ஒரு முறை இருந்தது. ஒரே போட்டோவில் நாலு விஷயம் தெரிய வேண்டும்: மனுதாரரின் முகம், மெஷின், பட்டறையின் பெயர்ப்பலகை, மின்சார மீட்டர். தனித்தனியாக நாலு போட்டோ எடுத்தால் செல்லாது. இந்த விதியை எழுதியவர் தாராவியைப் பார்த்ததில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் மெஷின் உள்ளே, பலகை வெளியே, மீட்டரோ சந்து முனையில் இருபது மீட்டர்களோடு கூட்டாகத் தொங்கும். பின்னால் நகர்ந்து எடுக்கலாம் என்றால் முதுகு எதிர்ப் பட்டறையில் இடிக்கும்.

ஆனாலும் எடுத்தேன். எதிர்வீட்டு ஏணியில் பாதி ஏறி, ஒரு காலைச் சாக்கடை விளிம்பில் வைத்து, பலகையைக் கழற்றி மெஷின்மேல் சாய்த்து, மீட்டருக்குப் பதில் அதன் பில்லை மனுதாரர் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளச் செய்து எடுப்பேன். போலீஸ் ஸ்டேஷனில் எடுத்தது போல் இருக்கும். பாட்கர் சாகேப் திருப்தியாகத் தலையாட்டுவார். வேலையில் நான் பெற்ற ஒரே திறமை இதுதான்.

இனி பேச்சியம்மாள் விஷயம்.

பேச்சியம்மாள் ஸ்கூல் பைக்குத் தோள்வார் மட்டும் தைப்பாள். பை வேறு சந்தில் தைப்பார்கள், ஜிப் இன்னொரு சந்தில். இரண்டு மெஷின். அவளும் நாத்தனாரும் தைப்பார்கள். திருநெல்வேலிப் பக்கம். கணவன் பஸ் டிப்போவில் ராத்திரி வாட்ச்மேன். பதினோரு வருடமாக அதே அறையில் அதே வார்.

அந்த வருடம் எங்கள் பகுதியை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கான கணக்கெடுப்பு வந்தது. குறிப்பிட்ட ஒரு தேதிக்கு முன்பிருந்தே தொழில் நடந்தது என்று அரசாங்கக் காகிதம் காட்டினால், புதுக் கட்டடத்தில் பட்டறைக்கு இடம் உண்டு. காட்டாவிட்டால் மாடியில் வீடு மட்டும்தான், பட்டறை கிடையாது. பேச்சியம்மாளின் பதினோரு வருடம் அந்தத் தேதிக்குத் தாராளமாகப் போதும். ஆனால் காகிதம்? மீட்டர் பழைய சொந்தக்காரர் பெயரில். வேலை கொடுக்கும் பைக்காரர் தருவது துண்டுச் சீட்டு. அதை அரசாங்கக் காகிதம் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பட்டறை போனால் அவளுக்குத் தொழிலே போனமாதிரிதான். மெஷினை ஏழாவது மாடி வீட்டில் போட்டு ஓட்ட விடமாட்டார்கள்.

அப்போதுதான் பக்கத்துப் பட்டறைச் சுடலை அவளிடம் எங்கள் திட்டத்தைப் பற்றிச் சொன்னார். சுடலை ஏற்கெனவே, பாட்கர் சாகேபுக்கு முந்தைய அதிகாரி காலத்தில், மானியத்தில் ஒரு பெரிய மெஷின் வாங்கியவர். அந்த மெஷின் ஆய்வுக்காரர் வந்தால் மட்டும் ஓடும். மற்ற நாளில் அதன்மேல் துணி காயும். "சாங்ஷன் லெட்டர் வந்தா கவர்மென்ட் சீலோட உன் பேரு இருக்கும். சர்வேக்காரன் வாயைத் தொறக்க மாட்டான்," என்று அவர் சொல்ல, அவளும் மனு போட்டாள்.

மனு வந்து முப்பது நாளுக்குள் ஆய்வு செய்ய வேண்டும் என்பது விதி. பாட்கர் சாகேப் வழக்கம்போல் இருபத்தொன்பது நாள் பார்த்தார். முப்பதாவது நாள் ஆயுத பூஜை. மும்பையில் அன்று அலுவலகத்துக்கு விடுமுறை இல்லை. மறுநாள் தசராவுக்குத்தான் விடுமுறை. அன்று எங்கள் ஆட்கள் மெஷினைப் பூஜையில் வைத்திருப்பார்கள், ஓட்ட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். "சாகேப், இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லியிருக்கலாம். செம்பூரிலிருந்து பஸ்ஸில் போகும்போது மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

போனால், அறை கழுவி விட்டிருந்தது. வாசலில் பூசணிக்காய் உடைத்திருந்தது. இரண்டு மெஷினும் எண்ணெய் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு நின்றன. பேச்சியம்மாள் பட்டுச்சேலையில். பொரி கடலைத் தட்டோடு சுடலையும் அங்கேயே.

பாட்கர் சாகேப் சாக்ஸை உருட்டினார். மெஷின்களைப் பார்த்தார். கைகூப்பினார். என்னிடம் இந்தியில், "ஓட்டிக் காட்டச் சொல்," என்றார்.

நான் சொன்னேன்.

"இன்னைக்கு எப்படி அண்ணாச்சி?" என்றாள் பேச்சியம்மாள். "பூஜையில இருக்கு. நாளைக்குக் காலையிலதான் எடுப்போம். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அதனால்தான் தரையைப் பார்த்தேன்.

சுடலை குறுக்கே வந்தார். "என் மெஷினைத் தூக்கிட்டு வரவா? அதுக்குப் பூஜை கீசை எதுவும் இல்ல. அது வேலை செஞ்சாத்தானே பூஜை போடணும்."

"நீங்க சும்மா இரிங்க அண்ணே," என்றாள் அவள். "உங்க மெஷினு ஓடினா அடுத்த தெருவுக்குக் கேக்கும். ஊருக்கே தெரியும் ஆபீசரு வந்துருக்காருன்னு."

படிவத்தில் பதினான்காவது கேள்வி: 'ஆய்வின்போது அலகு இயங்கியதா? ஆம் / இல்லை.' பூஜைக்கு இடம் விடவில்லை. சாகேப் பேனாவை எடுத்தார், மூடினார், பொரியில் ஒரு பிடி வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். பத்து வருடத்தில் ஒரு பட்டறையில் அவர் எதையாவது தின்று நான் பார்த்தது அன்றுதான். முகம் மெல்ல மலர்ந்தது.

"தங்கராஜ்," என்றார் என்னிடம். "மெஷின் புதிது மாதிரி இருக்கிறது. மாலை போட்டிருக்கிறது. நாளை தசரா, நல்ல நாள். நாளை உற்பத்தி தொடங்குகிறது என்று எழுதிவிடுகிறேன். இயங்கவில்லை என்ற கேள்வியே வராது. புதுத் தொழிலுக்குத்தானே திட்டம்? உடனே சாங்ஷன் செய்துவிடலாம்."

பாட்கர் சாகேப் தானாக முன்வந்து ஒருவருக்கு நன்மை செய்ய முடிவெடுத்துவிட்டார். இதைவிடப் பெரிய ஆபத்து அந்தச் சந்துக்கு அதற்கு முன் வந்ததில்லை.

சுடலை கைதட்டாத குறை. பேச்சியம்மாள் பட்டுச்சேலை முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். சாகேப் போட்டோ எடுக்கச் சொன்னார். நான் ஏணியில் ஏறினேன். கேமராவில் நாலும் தெரிந்தன: முகம், மாலை போட்ட மெஷின், பலகை, பில். விரல் அழுத்தவில்லை.

சாங்ஷன் கடிதங்களை மடித்துக் கவரில் போடுவது நான். அதன் மூன்றாவது வரி எனக்கு மனப்பாடம்: 'உற்பத்தி தொடங்கிய நாள்.' அங்கே நாளைய தேதி விழும். கணக்கெடுப்புக்காரரிடம் அதைக் காட்டினால், இந்தப் பட்டறை நாளைதான் பிறந்தது என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்ததாகிவிடும். பதினோரு வருடம் அவ்வளவுதான். பட்டறையும் அவ்வளவுதான்.

ஏணியிலிருந்து இறங்கினேன். அவள் பக்கத்தில் போய், பொரித் தட்டைப் பார்த்தபடியே சொன்னேன். அவளுக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அப்பம் பதினோரு வருஷமா நான் என்ன பண்ணிட்டிருந்தேனாம்?" என்றாள். பிறகு பம்பாய் இந்தியில் நேராக அவரிடமே, "சாகேப், இது புதுசு இல்ல. பதினோரு வருஷமா ஓடுது," என்றாள். மாலையைத் தொடாமல் மெஷின் மேசையின் பலகையைக் காட்டினாள். வார் இழுத்து இழுத்து மரத்தில் விரல் பதியும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது.

சாகேப் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தார். "புதுசு இல்லை என்றால் சலுகை கிடையாதே," என்றார்.

"வேண்டாம். கிடையாதுன்னு எழுதிக் குடுங்க. ஏன் கிடையாதுன்னும் எழுதிக் குடுங்க."

அவர் முகம் மாறியது. "மனுவில் புதுத் தொழில் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அது பொய் என்றால் குற்றம்."

இந்த இடத்தில்தான் நான் பேசினேன். இருபத்தெட்டு வருடத்தில் அதிகாரி ஒருவரிடம் அவர் கேட்காமலே நான் பேசியது அது ஒன்றுதான். "சாகேப், அந்த வரி படிவத்தில் அச்சடித்தே வருகிறது. 'நான் புதிதாகத் தொடங்கும்' என்று. வேறு வரி கிடையாது. அவர்கள் எழுதவில்லை. நாம்தான் எழுதியிருக்கிறோம்."

அவர் படிவத்தைத் திருப்பிப் படித்தார். நானே பயந்துபோய் ஷூவை எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டே, "பார்ப்போம்," என்றார்.

கணக்கெடுப்புக்காரர் அந்தச் சந்துக்கு வர ஒரு வாரம்தான் இருந்தது. தசரா முடிந்த மறுநாள் பேச்சியம்மாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். வெறுங்கையோடு இல்லை, ஒரு மூட்டை வாரோடு. சாகேப் அறை வாசலில் தரையில் உட்கார்ந்து, தைத்த வார்களில் நூல் பிசிறு வெட்ட ஆரம்பித்தாள்.

"இங்கே வேலை செய்யக் கூடாது," என்றார் தலைமை குமாஸ்தா.

"நானும் அதத்தான் இங்க பாக்கேன் சார்," என்றாள் தமிழில். அவர் என்னைப் பார்த்தார். அவசரம் இல்லையாம் என்று மொழிபெயர்த்தேன்.

இரண்டாம் நாள் நாத்தனாரும் வந்தாள். மூட்டை இரண்டானது. சாகேப் வெளியே போகும்போதெல்லாம் காலில் வார் சுற்றியது. குனிந்து தானே அவிழ்ப்பார், மரியாதையாகத் திரும்பக் கொடுப்பார், "பார்ப்போம்" என்பார். "பாருங்க சாகேப், நான் இங்கனதான் இருக்கேன்," என்பாள்.

மூன்றாம் நாள் உள்ளே கூப்பிட்டார். "பழைய தொழில் என்பதற்கு ஆதாரம் என்ன?"

அவள் பைக்காரரின் துண்டுச் சீட்டுகளை ஒரு டப்பாவோடு மேசையில் வைத்தாள். பதினோரு வருடச் சீட்டு. ஒவ்வொன்றிலும் அவள் பெயர், சந்து, தேதி. சாகேப் விதிப் புத்தகத்தைத் திறந்தார். சலுகைக்குத் தகுதி உண்டென்று காட்டப் பதினேழு காகிதம் வேண்டும், ஒவ்வொன்றிலும் சான்றொப்பம் வேண்டும். தகுதி இல்லை என்று காட்ட, 'ஏதேனும் ஓர் ஆதாரம்' போதும் என்று போட்டிருந்தது. மத்தியானம் முழுவதும் அந்தச் சீட்டுகளை வருடவாரியாக அடுக்கிச் சரிபார்த்தார். அவ்வளவு ஒழுங்கான ஆதாரத்தைத் தகுதி உள்ளவர் யாரும் அவரிடம் கொடுத்ததே இல்லை. ரசித்துப் பார்த்தார் என்றே சொல்வேன்.

பிறகு பச்சைப் பேனாவால் எழுதினார். டைப் அடித்து வந்ததும் முத்திரை குத்தியவன் நான்: 'மேற்படி மனுதாரர் மேற்படி முகவரியில் பதினோரு ஆண்டுகளாகத் தொடர்ந்து தொழில் நடத்தி வருவது ஆவணங்களால் ஐயமின்றி நிரூபணமாவதால், மனு நிராகரிக்கப்படுகிறது.' கையெழுத்துப் போடுமுன் சாகேப் பேனாவை வேறொரு காகிதத்தில் கிறுக்கிப் பார்த்துக்கொண்டார். இல்லை என்று எழுதுவது முதல் தடவை அல்லவா.

நாலு நாள் கழித்துக் கணக்கெடுப்புக்காரர் அதைப் படித்தார். திருப்பியும் படித்தார். "இது தகுதி இல்லை என்கிற கடிதமாச்சே?" என்றார்.

"ஏன் இல்லைன்னும் போட்டுருக்கு, படிங்க," என்றாள் பேச்சியம்மாள்.

அவர் தன் பட்டியலில் 'பட்டறை' என்று எழுதி, கதவில் எண்ணை ஒட்டிவிட்டுப் போனார்.

செய்தி சந்து சந்தாகப் பரவியது. அடுத்த மாதம் எங்கள் அலுவலகத்தில் வரிசை படிக்கட்டு வரை நின்றது. எல்லோரும் டப்பா கொண்டு வந்திருந்தார்கள். "எங்களுக்கும் நிராகரிப்பு வேணும்." சுடலை மட்டும் வரவில்லை. அவருக்கு ஏற்கெனவே சாங்ஷன் ஆகிவிட்டது. அதில் உற்பத்தி தொடங்கிய தேதியும், கணக்கெடுப்புக்காரர் கேட்ட தேதிக்குப் பிந்தியதாக, பக்காவாக இருந்தது. மேலிடத்துக்கு விஷயம் தெரிந்து, 'இனி நிராகரிப்புக் கடிதங்களில் காரணம் குறிப்பிடத் தேவையில்லை' என்று சுற்றறிக்கை வந்தது. பாட்கர் சாகேபுக்குப் பெரிய நிம்மதி. அதற்குள் நாற்பது ஐம்பது பேர் வாங்கிவிட்டார்கள்.

பிறகொரு நாள் அந்தச் சந்து வழியாகப் போனேன். பேச்சியம்மாள் மெஷினில் இருந்தாள். கடிதத்தை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் காலை நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இந்த நிராகரிப்ப வருசாவருசம் புதுப்பிக்கணுமா?"

எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். மறுநாள் சாகேப் சாப்பிடப் போன நேரத்தில் விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். சலுகைக்கு ஆயுள் ஐந்து வருடம். அதற்குப் பின் பதினேழு காகிதமும் மறுபடி. நிராகரிப்புக்குக் கெடு எதுவும் போடவில்லை.

சாயங்காலம் அந்தச் சந்துக்குப் போய், புதுப்பிக்க வேண்டாம் என்று சொன்னேன். "நல்லது," என்று அடுத்த வாரை ஊசிக்கடியில் வைத்தாள்.